வாசகர் கேள்வி – பதில்: யாரும் வெளியேற முடியாத வீடு

சென்ற இதழில், வெளியுலகத் தொடர்பு அறுந்துபோன ஓரிடத்தில் கொலை நடந்து, அங்கே அகப்பட்டுக்கொண்ட சிலருள் ஒருவரே கொலையாளி என்று முடிவாகிவிடும் 'மூடிய வட்ட'க் கதைகளைப் பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் எழுதியவர்களின் கடிதங்களே இம்முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. சமவெளி வாசகர்கள் பொறுத்தருள்க. எந்தக் கதையின் முடிவையும் இங்கே வெளியிடவில்லை, அச்சமின்றிப் படிக்கலாம்.

கேள்வி: வெளியே மழை கொட்டும் இரவில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு பங்களாவுக்குள் ஆட்கள் வரிசையாகச் சாகும் கதையைப் படிக்கிறேன். முடித்ததும் நல்ல தூக்கம் வருகிறது. இந்த வயதில் இது முறையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: முறைதான். உங்கள் தாத்தா பாட்டி காலத்து வாசகர்களும் இப்படித்தான் தூங்கினார்கள். இவ்வகைக் கதைகள் செழித்தது இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட 1920களிலும் 1930களிலும். போர்க்களத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டு, பலருடைய உடல்கூடக் கிடைக்காமல் போன காலத்தைக் கடந்து வந்த ஒரு சமூகம், ஒரே ஒரு சாவுக்கு முந்நூறு பக்கம் ஒதுக்கி, அது யாரால், எப்படி, எதற்காக நிகழ்ந்தது என்று விடாமல் விசாரிக்கும் கதையை நாடியதில் வியப்பில்லை.

குலைந்த ஒழுங்கு கடைசி அத்தியாயத்தில் மீண்டும் நிலைபெறுவதால்தான் மனம் ஆறுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் எழுதிய ஒரு கட்டுரையும், குற்றமற்ற பழைய நிலைக்குத் திரும்பும் ஏக்கத்தையே இக்கதைகளின் உயிராகக் காண்கிறது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலில் பத்துப் பேர் ஒரு தீவில் சிக்கிக்கொள்கிறார்கள். எவரும் மிஞ்சப்போவதில்லை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. அங்கே எந்த ஒழுங்கும் மீளவில்லை. ஆயினும் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

நிம்மதி வேறோரிடத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். நாவலாசிரியருக்கு வரம்பற்ற அதிகாரம் உண்டு. இருநூறாம் பக்கத்தில் ஒரு புதிய மனிதனைக் கதவைத் தட்டவைத்து, எல்லாம் இவன் செய்தது என்று அவரால் முடித்துவிட முடியும். மூடிய வட்டத்தை எழுதுபவர் அந்த அதிகாரத்தை முதல் சில அத்தியாயங்களிலேயே துறந்துவிடுகிறார். இவ்வளவு பேர்தான், இந்த வீடுதான், இந்த இரவுதான் என்று அவர் எண்ணிக் கொடுத்துவிட்ட பிறகு, வாசகரும் அவரும் ஒரே சரக்கை வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். வீட்டைச் சூழும் புயலும் பனியும் சந்தேகத்துக்குரியவர்களைப் பூட்டுவதைவிட எழுத்தாளரையே அதிகமாகப் பூட்டுகின்றன. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், இரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிபவரைத் தற்செயல் காப்பாற்றக் கூடாது, துப்பறிபவரே குற்றம் செய்யக் கூடாது என்று போகும் அவை அனைத்தும் எழுத்தாளரின் கையைக் கட்டுபவையே. மறு ஆண்டு இங்கிலாந்தில் ஜி. கே. செஸ்டர்டனை முதல் தலைவராகக் கொண்டு எழுத்தாளர்கள் 'டிடெக்‌ஷன் கிளப்' என்ற சங்கத்தையே தொடங்கி, வாசகரை ஏமாற்றமாட்டோம் என்று உறுதிமொழியும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் எல்லரி குயின் என்ற புனைபெயரில் எழுதியவர்கள், கதையை நடுவில் நிறுத்தி, 'விடைக்குத் தேவையான அனைத்தும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது' என்று வாசகரிடம் சவால் விட்டார்கள். அன்றாட வாழ்வில் எந்தச் சிக்கலும் இவ்வளவு நேர்மையாகத் தன் எல்லையை அறிவித்துவிட்டு நம்மிடம் வருவதில்லை. தூக்கம் வருவது அதனால்தான்.

கேள்வி: பூட்டிய அறைக் கொலையும் மூடிய வட்டக் கொலையும் ஒன்றுதானா?
– கல்லூரி மாணவர், உதகை

பதில்: இல்லை. பூட்டிய அறையில் கேள்வி 'எப்படி?', மூடிய வட்டத்தில் கேள்வி 'யார்?'. எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய முதல் துப்பறியும் கதையே பூட்டிய அறைக் கதைதான். அக்கலையில் கரைகண்ட ஜான் டிக்சன் கார், 1935இல் வந்த தம் நாவலில், பூட்டிய அறைக்குள் கொலை செய்யும் வழிகளை வகைபிரித்து ஒரு பாத்திரத்தை விரிவுரையே ஆற்றவைத்தார். இரண்டும் ஒரே கதையில் சேர்வதும் உண்டு. சேர்ந்தால் பெரும்பாலும் 'எப்படி' என்பதே 'யார்' என்பதை விழுங்கிவிடுகிறது என்பது என் மனக்குறை.

கேள்வி: ஓரியன்ட் எக்ஸ்பிரஸைப் போல நம் மலை ரயிலில் ஒரு கொலைக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். மண்சரிவால் வண்டி நின்றுவிடுகிறது. சரிப்படுமா?
– இளம் எழுத்தாளர், குன்னூர்

பதில்: மண்சரிவு நல்ல தேர்வு. ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயிலில் நடக்கும் கிறிஸ்டியின் 1934ஆம் ஆண்டுக் கொலை நாவலுக்குப் பின்னாலும் உண்மை நிகழ்வுகள் உண்டு. 1929இல் அந்த ரயில் துருக்கியில் பனியில் புதைந்து நாள்கணக்கில் நின்றது. 1931 டிசம்பரில் கிறிஸ்டியே அவ்வண்டியில் பயணம் செய்தபோது வெள்ளத்தால் வழியில் மாட்டிக்கொண்டார். நீலகிரியில் பனிக்குப் பதிலாக மழை அந்த வேலையைச் செய்யும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாறைகள் சரிந்து சேவை நிறுத்தப்படுவது நமக்குப் புதிய செய்தியே அல்ல. யானை பாதையில் நின்றாலும் வண்டி நிற்கும். ஆனால் யானையைக் கதையில் விட்டால் வாசகர் கொலையை மறந்துவிடுவார்.

சிக்கல் வண்டியின் அமைப்பில் இருக்கிறது. ஓரியன்ட் எக்ஸ்பிரஸில் ஒரு நீண்ட நடைவழி உண்டு. அதன் ஒரு முனையில் கண்டக்டர் அமர்ந்திருப்பார். நடுஇரவில் யார் யாருடைய அறைக்குப் போனார்கள் என்பதே கதை முழுவதும் புரளும் கேள்வி. நம் மலை ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு உள்ளே நடந்து செல்ல வழியில்லை. கதவுகள் பக்கவாட்டில் வெளியே திறக்கின்றன. ஆகவே ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கதையை அப்படியே பெயர்த்து வைத்தால், அந்த வண்டியில் ஒருமுறையேனும் ஏறிய வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

ஆனால் இந்தக் குறையையே நீங்கள் கதையின் எலும்பாக்கிக்கொள்ளலாம். பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின் வண்டியைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே டிரைவரும் ஃபயர்மேனும் வண்டியின் பின்னால் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே பிரேக் பிடிக்க ஒரு பிரேக்ஸ்மேன் வெளிமேடையில் நிற்கிறார். அதாவது, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சாட்சி உண்டு. அந்தச் சாட்சியோ பெட்டியின் உள்ளே பார்ப்பதைவிடப் பாதையைப் பார்ப்பதையே கடமையாகக் கொண்டவர். வழியில் ஹில்குரோவ் போன்ற சிறு நிலையங்களில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது பயணிகள் அனைவரும் இறங்கித் தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு, சிலர் வேறு பெட்டியிலும் ஏறிவிடுவார்கள். அதன்பின் சுரங்கம். மொத்தம் 16 சுரங்கங்கள். ஒவ்வொன்றிலும் குழந்தைகளும் குழந்தைகளைப் போன்ற பெரியவர்களும் கூச்சலிடுவது இந்த ரயிலின் மரபு. அந்தக் கூச்சலுக்கு நடுவே எழும் ஓர் உண்மையான அலறலை எவர் பொருட்படுத்துவார்? எந்தச் சுரங்கத்தில் எந்தப் பெட்டியில் கூச்சல் எழாமல் போனது என்று துப்பறிபவர் கேட்டால், நான் எழுந்து உட்கார்ந்து படிப்பேன்.

இன்னொரு எச்சரிக்கை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையுள்ள 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. அந்த வேகத்தில் ஓடும் வண்டியிலிருந்து திடமான ஆள் ஒருவர் இறங்கிக்கொள்ள முடியும் என்று வாசகர் கணக்குப் போடுவார். ஆகவே வட்டத்தை எது மூடுகிறது என்பதை நீங்கள் அவருக்கு முன்பே காட்டியாக வேண்டும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், பாதையில் சேறு, சேற்றில் காலடி இல்லை. அவ்வளவு போதும்.

கேள்வி: செல்பேசியும் கண்காணிப்புக் கேமராவும் வந்துவிட்ட பிறகு மூடிய வட்டம் எழுத முடியுமா? எங்கள் விடுதியில் தங்குபவர்கள் முதலில் கேட்பதே வைஃபை கடவுச்சொல்லைத்தான்.
– விடுதி நடத்துபவர், கொடைக்கானல்

பதில்: அழைப்பது வேறு, வந்து சேர்வது வேறு. செல்பேசி காவல்துறைக்குச் செய்தியைக் கொண்டுபோகும், காவலரைக் கொண்டுவராது. 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டதும் மின்சாரம் நின்றுபோனதும் உங்களுக்கு நினைவிருக்கும். வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் பெருமாள்மலையில் ஒன்றுசேர்ந்த பிறகே கொடைக்கானலுக்கு ஏறுகின்றன; அதற்கு மேலே ஓரிடம் அடைபட்டால் இரண்டு சாலைகளும் ஒருங்கே பயனற்றுப் போகும். நீலகிரி எழுத்தாளருக்கு இந்த வசதி இல்லை. உதகைக்குக் குன்னூர் வழி, கோத்தகிரி வழி, கூடலூர் வழி, கல்லட்டி வழி, மஞ்சூர் வழி என்று அடைக்க வேண்டிய பாதைகள் அதிகம். அவர் ஊரை விட்டுவிட்டு ஓர் எஸ்டேட்டை மூடிக்கொள்வதே நலம். கேமராவைப் பற்றிக் கவலை வேண்டாம். மலை மூடுபனியில் அது எதைப் படம்பிடிக்கிறது என்பதை ஒரு மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் மலையில் மூடிய வட்டம் எழுதுபவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று போகும் சாலை கிளாவரையில் முடிந்துவிடுகிறது. காரில் வந்தவருக்கு அங்கே உலகமே முடிகிறது. வரைபடத்தைப் பார்த்து எழுதும் எழுத்தாளருக்கும் அப்படியே. அவ்வூர்க்காரருக்கோ அங்கிருந்து வட்டவடைப் பக்கம் கேரளத்துக்குள் நடந்து செல்லும் வழி தெரியும். சாலை அடைபட்டதும் மூடப்படுவது வாகனத்தில் வந்தவர்களின் வட்டம் மட்டுமே. இதை அறியாமல் எழுதினால் கதையில் ஓட்டை. அறிந்து எழுதினால் அந்த ஓட்டையே துப்பு. பங்களாவில் அனைவரும் 'யாரும் வரவோ போகவோ வழியில்லை' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கையில், காலையில் பால் மட்டும் வழக்கம்போல் வந்து சேர்ந்திருந்தால், அதைக் கவனிக்கிற முதல் ஆள்தான் துப்பறிபவர்.

கேள்வி: ஆங்கிலக் கதைகளில் பங்களா வேலையாட்களை எவரும் சந்தேகிப்பதே இல்லை. இது அவர்கள் மேல் உள்ள மரியாதையா?
– தேயிலைத் தோட்ட அலுவலக எழுத்தர், கூடலூர்

பதில்: மரியாதை இல்லை, நேர்மாறு. அமெரிக்கரான எஸ். எஸ். வான் டைன் 1928இல் வெளியிட்ட இருபது விதிகளுள் ஒன்று, வேலையாளைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது. காரணம், அது மிக எளிய விடையாகிவிடுமாம். குற்றவாளி 'தகுதியுள்ள' ஆளாக இருக்க வேண்டுமாம். கொலை செய்வதற்குக்கூட ஓர் அந்தஸ்து வேண்டும் என்பதே இதன் பொருள். தேநீர்த் தட்டைக் கொண்டுவருபவர் அறையில் இருக்கும்போதே இருவர் தனிமையில் பேசிக்கொண்டதாக எழுதும் பழக்கமும் இதே ஊற்றிலிருந்து வருகிறது.

நல்ல எழுத்தாளர்கள் இதைத் தெரிந்துகொண்டே விளையாடினார்கள். எல்லோரும் பார்த்தும் எவரும் 'பார்க்காத' ஓர் ஆளை வைத்துச் செஸ்டர்டன் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். தலைப்பைச் சொன்னால் விடையைச் சொன்னதாகிவிடும் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன். கிறிஸ்டியின் தீவு நாவலில் அந்தப் பத்துப் பேருள் பட்லரும் அவர் மனைவியான சமையற்காரியும் அடக்கம். விருந்தினர் எட்டு, பணியாளர் இரண்டு என்று பிரிக்காமல், பத்து என்று எண்ணியதில்தான் அந்த நாவலின் கண்டிப்பு இருக்கிறது.

நம் மலையில் எழுதுபவர் இந்த எண்ணிக்கையை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியிருக்கும். ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் விருந்துக்கு எட்டுப் பேர் வந்தால், சமையற்காரர், வாட்ச்மேன், டிரைவர், தோட்டக்காரர், வெந்நீர் போடும் பெண் என்று இன்னும் ஐந்து பேர் இருப்பார்கள். கூப்பிடு தூரத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கும். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு எட்டுப் பேர்தான் வீட்டில் என்று எழுதுகிற கதை, துப்பறியும் கதையாகவே தோற்றுவிட்டது என்று சொல்வேன். சமூக நியாயம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாசகரிடம் எண்ணிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர் எண்ணிக்கையில் பொய் சொல்லக் கூடாது.

கேள்வி: கிறிஸ்டிக்கு விஷத்தின் மேல் அவ்வளவு ஈடுபாடு ஏன்?
– மருந்துக்கடைக்காரர், குன்னூர்

பதில்: உங்கள் தொழில்தான் காரணம். முதல் உலகப் போரின்போது அவர் தம் சொந்த ஊரான டார்கியில் மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி, அதற்குரிய தேர்விலும் தேறினார். 1920இல் வெளிவந்த முதல் நாவலிலேயே ஸ்டிரிக்னின் வருகிறது. நம் அடிவாரக் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் விதையிலுள்ள அதே நஞ்சு. கதைக்கட்டுக்கும் விஷம் உதவுகிறது. துப்பாக்கி சுட்டால் அந்த நொடியில் யார் எங்கே இருந்தார் என்று கேட்டுவிடலாம். விஷம் வைத்தவர் அந்த நொடியில் எங்கும் இருக்கலாம். இடத்தை மூடிவிட்ட எழுத்தாளர் காலத்தைத் திறந்துவைக்க விரும்பினால் விஷத்தைத்தான் நாட வேண்டும்.

கேள்வி: தமிழில் இத்தகைய கதைகள் ஏன் அதிகம் எழுதப்படவில்லை? நமக்குப் பொறுமை இல்லையா?
– காப்பித் தோட்டக்காரர், தாண்டிக்குடி

பதில்: பொறுமை நிறையவே உண்டு; வாரம் ஒரு முறை கதை படித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். அதுதான் காரணம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களைத் தழுவித் தடித்த புத்தகங்களாகத் துப்பறியும் கதைகளைத் தந்தார்கள். பிறகு அந்த வாசகர் கூட்டத்தைப் பத்திரிகைத் தொடர்கள் எடுத்துக்கொண்டன. தொடருக்கு வேண்டியது ஒவ்வொரு வார முடிவிலும் ஒரு திடுக்கிடல். மூடிய வட்டத்துக்கு வேண்டியதோ, மூன்றாம் அத்தியாயத்தில் அலட்சியமாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தை இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் வாசகர் நினைவுகூர்வது. சந்தேகம் வந்தால் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பது. மூன்றாம் வாரத்து இதழ் அதற்குள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும், அல்லது பழைய பேப்பர்க்காரரிடம். ஆகவே நம் எழுத்தாளர்கள் துப்புகளைக் குறைத்துத் துப்பறிபவரை வளர்த்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ் – வசந்தும் கதை மறந்த பின்னும் நினைவில் நிற்பது இதனால்தான்.

1942இல் ஆனந்த விகடனில் தேவன் எழுதத் தொடங்கிய துப்பறியும் சாம்புவை இந்த நோக்கில் பார்ப்பது சுவையானது. தற்செயல் துப்பறிபவரைக் காப்பாற்றக் கூடாது என்பது நாக்ஸின் கட்டளை. சாம்புவைத் தற்செயலைத் தவிர வேறு எதுவுமே காப்பாற்றுவதில்லை. கட்டளையை இவ்வளவு முழுமையாக மீறினால் அது நகைச்சுவையாகிவிடும் என்பதைத் தேவன் நன்றாக அறிந்திருந்தார்.

ஒரே அமர்வில் முடிந்துவிடும் திரைப்படத்துக்குத் தொடர்கதையின் தடை இல்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இலேயே, பாடல் ஒன்றுகூட இல்லாமல், ஒரு கொலையையும் அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய சிலரையும் மட்டும் வைத்துக்கொண்டு இறுதிவரை நம்மை உட்காரவைத்தது. துப்புகள் அனைத்தும் இரண்டு மணி நேரத்துக்குள் கண்முன்னால் கடந்துபோகின்றன. எந்த இதழும் தொலைவதில்லை.

கேள்வி: நான் பாதி படித்திருக்கும்போதே என் கணவர் கொலையாளியின் பெயரைச் சொல்லிவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகி, உதகை

பதில்: இலண்டனில் 1952 நவம்பரில் தொடங்கி, கொரோனா காலத்து இடைவெளி ஒன்றைத் தவிர இன்றுவரை நடந்துவரும் கிறிஸ்டியின் 'மவுஸ்ட்ராப்' நாடகத்தில், முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களிடம் மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் மதிக்கிறார்கள். உங்கள் கணவரைப் பார்வையாளராகக் கருதி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பயனில்லையென்றால் புத்தகத்துக்கு வேறு அட்டை போடுங்கள்.

கேள்வி: முடிவு தெரிந்த கதையை இரண்டாம் முறை படிப்பவர்கள் உண்டா? எங்கள் நூலகத்தில் கிறிஸ்டி புத்தகங்களை ஒரே ஆள் திரும்பத் திரும்ப எடுத்துச் செல்கிறார்.
– நூலகப் பணியாளர், கொடைக்கானல்

பதில்: முன்பு குறிப்பிட்ட ஆடன், துப்பறியும் கதைகளைப் புகையிலையையும் மதுவையும் போன்ற போதை என்று ஒப்புக்கொண்டவர், முடித்த உடனேயே கதை மறந்துவிடும், மீண்டும் படிக்கும் விருப்பமும் வராது என்று அதே கட்டுரையில் எழுதினார். எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகரோ, யார் கொன்றால் யாருக்கு என்ன என்ற பொருள்பட 1945இல் ஒரு கட்டுரைக்கே தலைப்பு வைத்தார். இருவரும் என்னைவிடப் பன்மடங்கு படித்தவர்கள். இருந்தாலும் உங்கள் நூலகத்துக்கு வரும் அந்த வாசகர் பக்கமே நான் நிற்பேன்.

முதல் வாசிப்பில் நாம் துப்பறிபவரின் பின்னால் ஓடுகிறோம். இரண்டாம் வாசிப்பில் எழுத்தாளரின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' 1926இல் வெளிவந்தபோது, இது ஏமாற்று வேலை என்று சிலர் சீறினார்கள். விடை தெரிந்த பிறகு மறுபடி படித்துப் பாருங்கள்: ஒரு பொய் வாக்கியம்கூட அகப்படாது. நாம் அவசரமாகத் தாண்டிப் போன வாக்கியங்கள்தாம் வரிசையாக அகப்படும். முதல் முறை வெறும் வானிலைச் செய்தியாகவும் சாப்பாட்டு விவரமாகவும் தெரிந்தவை, இம்முறை வேறு முகம் காட்டும். அந்த வாசகர் அடுத்த முறை வரும்போது, எந்தப் பக்கத்தில் முதல் துப்பு இருக்கிறது என்று கேளுங்கள். பக்க எண்ணோடு சொன்னாரென்றால், புத்தகத்தைத் திருப்பித் தரும் கெடுவை அவருக்கு இன்னொரு வாரம் நீட்டிக் கொடுக்கலாம்.